சமையலறைக்குள் யாருக்கு அனுமதி? தொழில்நுட்ப நிறுவனங்களின் அறிவுப் பகிர்வும் சாதியும்

2022 ஏப்ரல் மாதம். தலித் வரலாற்று மாதத்தையொட்டி, கூகுள் நிறுவனத்தின் செய்திப் பிரிவுப் பணியாளர்களிடையே சாதி குறித்து உரையாற்ற ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பின் தேன்மொழி சௌந்தரராஜன் அழைக்கப்பட்டிருந்தார். அந்த உரை நிகழவே இல்லை. அவரை இந்து விரோதி என்று சித்திரிக்கும் மின்னஞ்சல்களைப் பணியாளர்கள் சிலர் மேலிடத்துக்கு அனுப்பினர். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. சென்னையில் வளர்ந்தவரான தலைமைச் செயல் அலுவலர் சுந்தர் பிச்சைக்கே தேன்மொழி நேரடியாக வேண்டுகோள் விடுத்தும் பயனில்லை. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்திருந்த மூத்த மேலாளர் தனுஜா குப்தா, உரையை மீண்டும் நடத்தக் கோரும் மனுவை, தெற்காசியப் பணியாளர்கள் ஏறத்தாழ 8,000 பேர் இடம்பெற்றிருந்த உள் மின்னஞ்சல் குழுவில் பகிர்ந்தார். சாதி அமெரிக்காவில் இல்லவே இல்லை என்றும், இதைப் பேசுவதே பிளவை உண்டாக்கும் என்றும், ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கூகுள் நேர்காணலைச் சந்திக்கும் கல்வித் தகுதி போதாது என்றும் அக்குழுவில் பதில்கள் வந்ததை வாஷிங்டன் போஸ்ட் நாளேடு வெளியிட்டது. குப்தா மீது நிறுவனம் விசாரணை தொடங்கியது. அவர் பதவி விலகினார்.

இந்நிகழ்வைக் கருத்துரிமைக் கோணத்திலிருந்தும் புலம்பெயர் இந்துத்துவ அரசியலின் கோணத்திலிருந்தும் பலர் அப்போதே எழுதிவிட்டனர். நாம் இதை வேறொரு கேள்விக்கான வாசலாக எடுத்துக்கொள்கிறோம். அறிவை விற்றுப் பிழைக்கும் ஒரு நிறுவனத்துக்குள் அறிவு எந்த வழியாகப் பயணிக்கிறது? உரையாற்ற ஒருவர் ஆயத்தமாக இருந்தார். கேட்க விரும்பியோரும் இருந்தனர். இடையில் நின்று வழியை மறித்தவர்களுக்கு அந்த வலிமை எங்கிருந்து வந்தது? கணினித் துறையில் நுழையக் காத்திருக்கும் நம் மாணவர்களுக்கு இக்கேள்வி வெறும் ஆய்வுப் பொருளாக இருக்க முடியாது. வேலை கிடைத்த மறுநாளிலிருந்து அவர்கள் இதற்குள்தான் வாழப்போகிறார்கள்.

கையேட்டில் இல்லாதது

1980-களில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணியாளர்களோடு சுற்றித் திரிந்தார். இன்ன பிழை எண் தோன்றினால் இன்ன பாகத்தைச் சோதி என்று படிப்படியாகச் சொல்லும் கையேடுகளை நிறுவனம் அவர்களுக்குக் கொடுத்திருந்தது. இயந்திரங்கள் கையேட்டுக்குக் கட்டுப்படவில்லை. பணியாளர்கள் உணவு வேளையில் ஒன்றுகூடிப் பேசினர். போன வாரம் ஓர் இயந்திரம் எப்படித் தொல்லை கொடுத்தது, எதையெல்லாம் முயன்று தோற்றோம், கடைசியில் எது கைகொடுத்தது என்று கதை சொன்னார்கள். பழுதுநீக்கும் அறிவு உண்மையில் அந்தக் கதைகளில்தான் குடியிருந்தது என்று ஓர் கண்டறிந்தார். 1996-இல் அது நூலாகவும் வெளிவந்தது. நிறுவனமும் பாடம் கற்றுக்கொண்டு, பணியாளர்கள் தம் உத்திகளைக் கணினியில் எழுதிப் பகிரும் யுரேகா என்ற தொகுப்பை உருவாக்கியது. குறிப்போடு எழுதியவரின் பெயரும் சேர்ந்தே பயணித்தது. அந்தப் பெயரே அவருக்குரிய மதிப்பு. இந்தப் பெயர் விவகாரத்தை நினைவில் இருத்திக்கொள்வோம்.

மற்றொரு நிகழ்வு மேலாண்மைப் பள்ளிகளில் ஓயாமல் சொல்லப்படுவது. 1985-இல் ஒசாகாவைச் சேர்ந்த மட்சுஷிடா நிறுவனம் வீட்டிலேயே ரொட்டி செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றது. மாவு சரியாகப் பிசைபடவில்லை. வெளியே கருகியது, உள்ளே வேகவில்லை. அளவீடுகள் எவ்வளவு எடுத்தும் காரணம் பிடிபடவில்லை. மென்பொருள் உருவாக்குநரான இகுகோ தனாகா என்ற பெண், ஒசாகா இன்டர்நேஷனல் விடுதியின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் பயிற்சிக்குச் சென்றார். அருகில் நின்று பார்த்தார், தானும் பிசைந்தார். அந்தக் கைகள் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்கின்றன என்பது அப்போதுதான் புலப்பட்டது. அந்த முறுக்கு இயந்திரத்துக்குள் வந்தது. இகுஜிரோ நோனாகாவும் ஹிரோடகா தகேயுச்சியும் 1995-இல் எழுதிய நூலின் வழியாக இது உலகப் புகழ் பெற்றது. நாம் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறோம் என்ற பொருளில் மைக்கேல் பொலானி பேசிய சொல்லில் அடங்காத அறிவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை என்பார்கள்.

நாம் இக்கதையைப் படிக்கும்போது நம் கண் வேறோர் இடத்தில் நிலைகுத்துகிறது. அந்தப் பொறியாளர் சமையலறைக்குள் நுழைந்தார். நீ யார், எந்தத் தெரு, மாவைத் தொடலாமா என்று எவரும் கேட்டதாகக் கதையில் இல்லை. ஜப்பானிலும் புராக்குமின் மக்கள் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டவர்கள்தாம். ஆயினும் இக்கதையை எழுதியவர்களுக்கு நுழைவு ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை. நம் நிலத்தில் கதை வேறு. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டாரத்தில், தலித் பெண் ஒருவர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கக் கூடாதென்று சாதி இந்துக்கள் பள்ளியையே முற்றுகையிட்டனர். அறிவு என்பது அருகில் நின்று, உடன் உண்டு, கை பார்த்துக் கற்பது என்றால், அருகில் நிற்பதையும் உடன் உண்பதையும் ஆயிரமாண்டுகளாகத் தடை செய்த சமூகத்திலிருந்து வந்தவர்கள் நிறைந்த அலுவலகத்தில் அந்த அறிவு எப்படிப் பங்கிடப்படும்? மேலாண்மை நூல்கள் இவ்வினாவை எழுப்புவதில்லை. எழுப்ப வேண்டிய தேவை அவற்றை எழுதியோருக்கு இருந்ததில்லை.

திறந்த மேசையின் புகழ்

சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெருமைகளில் தலையாயது அதன் திறந்த பேச்சு. மவுண்டன் வியூ நகரின் வாகன் வீல் என்ற மதுக்கூடத்தில், ஃபேர்சைல்டு உள்ளிட்ட குறைக்கடத்தி நிறுவனங்களின் பொறியாளர்கள் மாலை வேளைகளில் கூடி, போட்டி நிறுவனத்தாரோடும் தம் சிக்கல்களைப் பேசித் தீர்த்தனர். 1975 மார்ச் 5 அன்று மென்லோ பார்க்கில் ஒரு வீட்டின் வண்டிக் கொட்டகையில் ஹோம்ப்ரூ கணினிக் கழகம் முதன்முறை கூடியது. அங்கே வந்துபோன ஸ்டீவ் வாஸ்னியாக், தாம் வடிவமைத்த முதல் ஆப்பிள் கணினியின் வரைபடத்தை விலையின்றி விநியோகித்தார். அன்னாலீ சாக்ஸேனியன் 1994-இல் எழுதிய ஆய்வு, மாசசூசெட்ஸின் பெருநிறுவனங்கள் கதவடைத்துக்கொண்டு தேங்க, கலிபோர்னியா முந்தியதற்கு இந்தக் கலந்துறவாடலே காரணம் என்று நிறுவியது. ஒரு நிறுவனத்தை விட்டு விலகியவர் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாதென்ற ஒப்பந்தங்களைக் கலிபோர்னியச் சட்டம் 1872 முதலே செல்லாததாக்கி வைத்திருந்ததும் உதவியது.

அந்த மேசை எல்லோருக்கும் திறந்திருந்ததா என்றால், இல்லை. பெரும்பாலும் வெள்ளை ஆண்கள் அமர்ந்த மேசை அது. பின்னர் வந்த இந்தியப் பொறியாளர்கள் அதில் இடம்பிடித்தார்கள். தமக்கென்று தனி மேசைகளும் அமைத்துக்கொண்டார்கள். முன்னாள் மாணவர் சங்கங்கள், மொழிச் சங்கங்கள், முதலீட்டு வட்டங்கள் எனப் பலவும் முளைத்தன. வேலைக்குப் பரிந்துரை, புதுத் தொழிலுக்கு முதல், விசாச் சிக்கலுக்கு ஆலோசனை என எல்லாம் இவ்வழியே ஓடின. குடியேறியோர் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது இயல்புதானே என்று கேட்கப்படும். இயல்புதான். யார் குடியேற முடிந்தது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் படம் முழுமை பெறும். சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து அஜந்தா சுப்ரமணியன் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, சாதி எவ்வாறு தகுதி என்ற பெயரில் மறுபிறவி எடுக்கிறது என்பதையும், அந்தத் தகுதி கடல் கடந்து எவ்வாறு மதிப்புப் பெறுகிறது என்பதையும் விரிவாகக் காட்டியது. தமிழ்ப் பார்ப்பனர்கள் அந்தப் பயணத்தின் முன்வரிசையில் இருந்தனர்.

ஐ.ஐ.டி. தரவரிசை இங்கே இரட்டை வேலை செய்கிறது. அது ஒரு பட்டத்தின் மதிப்பைச் சொல்வதோடு, பட்டியலில் எந்தப் பிரிவின் கீழ் ஒருவர் பெயர் வந்தது என்பதையும் உடன் படித்தவர்களுக்கு அறிவித்துவிடுகிறது. இருபதாண்டுகள் கழித்து, பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் ஓர் அலுவலகத்தில் அந்த நினைவு உயிர்த்தெழ ஒரு வாக்கியம் போதும்.

சிஸ்கோ வழக்கை இவ்வொளியில் மீண்டும் படிக்கலாம். 2020 ஜூனில் கலிபோர்னிய மாநிலத்தின் வேலைவாய்ப்பு உரிமைத் துறை தொடுத்த வழக்கு அது. மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்ற தலித் பொறியாளர் ஒருவர், ஒதுக்கீட்டின் வழியே அங்கே சேர்ந்தவர் என்பதை அவருடைய மேலாளர் சக பணியாளர்களிடம் சொன்னார் என்பது தொடக்கக் குற்றச்சாட்டு. அதை அவர் தட்டிக்கேட்டு மனிதவளத் துறையிடம் முறையிட்டபின் நேர்ந்ததாக மனு சொல்வதே நமக்கு முக்கியம். அவர் தலைமையேற்றிருந்த தொழில்நுட்பப் பொறுப்புகள் பறிக்கப்பட்டன, அவரோடு பணியாற்றியவர்கள் வேறிடம் மாற்றப்பட்டனர், குழுவிலிருந்து தனிமைப்படுத்தப்பட்டார். சாதிப் பாகுபாடு சட்டவிரோதமன்று என்று மனிதவளத் துறை முடிவுகட்டியது என்றும் மனு கூறுகிறது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2023 ஏப்ரலில் இரு பொறியாளர்கள் மீதான வழக்கை அரசுத் துறையே திரும்பப் பெற்றுக்கொண்டது. நிறுவனத்தின் மீதான வழக்கை அப்போது தொடர்ந்தது. எனவே இவை குற்றச்சாட்டுகள் என்ற அளவிலேயே இங்கே நிற்கின்றன.

ஆனால் அக்குற்றச்சாட்டின் வடிவத்தைப் பாருங்கள். அடிக்கவில்லை, வைத ஒலிப்பதிவும் இல்லை. ஒருவரைச் சுற்றியிருந்த பேச்சை அகற்றுவது என்பதே அங்கு வன்முறையாகச் சுட்டப்படுகிறது. மென்பொருள் துறையில் தனிமைப்படுத்தல் என்பது மனவருத்தத்தோடு முடியும் விவகாரம் அன்று. அடுத்த காலாண்டில் எந்தத் திட்டம் கைவிடப்படும், எந்த மேலாளர் எதை மதிப்பார், இந்தப் பழைய நிரலை ஏன் இப்படி எழுதினார்கள், பதவி உயர்வுக் குழுவில் யார் அமர்வார்கள் ஆகியவற்றில் எதுவும் ஆவணத்தில் இருப்பதில்லை. தெரியாதவர் கெட்டிக்காரராக இருந்தும் தவறான வேலையில் ஆண்டைக் கழிப்பார். ஆண்டிறுதி மதிப்பீட்டில் அது திறமைக் குறைவு என்று பதிவாகும். பள்ளிச் சிறுவன் அம்பேத்கர் குழாயைத் தொட முடியாது. பியூன் வந்து திறந்தால் தண்ணீர், அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. வகுப்பறையில் அவர் பெயர் பதிவேட்டில் இருந்ததை எவரும் மறுக்கவில்லையே.

மதிய உணவு வேளை

வழக்கு வெளியான சில வாரங்களுக்குள் அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணிபுரியும் 250-க்கும் மேற்பட்ட தலித்துகள் தம் அனுபவங்களை ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பிடம் பதிவு செய்தனர். அதே ஆண்டு அக்டோபரில் தலித் பெண் பொறியாளர்கள் 30 பேர் பெயர் வெளியிடாமல் கூட்டறிக்கை வெளியிட்டனர். ஒதுக்கீட்டால் மட்டுமே வேலை பெற்றவர்கள் என்ற இழிசொல்லைத் தாங்கியே நாள்களைக் கழிப்பதாக அவர்கள் எழுதினர். தோளில் நட்பாகத் தட்டுவதுபோல் பூணூலைத் தடவிப் பார்ப்பது, சைவமா அசைவமா என்று கேட்பது, சொந்த ஊரில் எந்தப் பகுதி என்று துருவுவது போன்ற நுட்பங்கள் பல சாட்சியங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. கலிபோர்னியாவில் இயங்கும் அம்பேத்கர் கிங் படிப்பு வட்டமும் இத்தகைய அனுபவங்களைத் தொடர்ந்து பேசிவருகிறது. அதில் தமிழர்களின் பங்கு பெரிது.

இந்தக் கேள்விகள் பெரும்பாலும் உணவு மேசையில்தான் எழுகின்றன என்பது தற்செயலன்று. ஓர் கண்ட பழுதுநீக்கும் பணியாளர்கள் கதை சொன்ன அதே வேளை அது. சாதி விசாரணைக்கு அஞ்சி ஒருவர் தன் மேசையிலேயே தனியாக உண்ணத் தொடங்கும்போது, அவர் அவமதிப்பிலிருந்து தப்பிக்கிறார். அன்றைய கதைகளையும் இழக்கிறார். இரண்டையும் ஒருசேரத் தவிர்க்க அவருக்கு வழி இல்லை. இன்னொரு வழியைப் பலர் கைக்கொள்கிறார்கள்: குடும்பப் பெயரை மாற்றுவது, ஊரை மறைப்பது, பொய்யான கதை ஒன்றை ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்வது. அப்படி மறைந்து வாழ்பவர் எவரிடமும் நெருங்கிப் பழக முடிவதில்லை. நெருக்கமின்றி வழிகாட்டி கிடைப்பதுமில்லை.

இந்தியாவுக்குத் திரும்பினால் நிலை இன்னும் அப்பட்டமானது. சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு பலருக்கும் நினைவிருக்கும். 66 வாரங்களில், தனியார் துறையின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதிகள் ஒப்பானவை, பெயர்கள் மட்டும் வேறு. தலித் பெயர் தாங்கிய விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்த்தப்பட்ட சாதிப் பெயரோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் அதே காலத்தில் பேசிய மனிதவள மேலாளர்கள், சாதி பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே குடும்பப் பின்னணியை விசாரிப்பதாக ஒப்புக்கொண்டனர். மேல்மட்டத்தில், 2012-இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவின் முதல் 1,000 நிறுவனங்களின் இயக்குநர்களில் 93 விழுக்காட்டினர் உயர்த்தப்பட்ட சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியினர் இருவரும் சேர்ந்து 3.5 விழுக்காடு. தனியார் துறையில் இட ஒதுக்கீடு இல்லை. தெரிந்தவரைப் பரிந்துரைத்தால் ஊக்கத்தொகை என்ற ஏற்பாடு உண்டு. தெரிந்தவர் யார் என்பதைத் தெருவும் கல்லூரி விடுதியும் முன்கூட்டியே முடிவு செய்திருக்கின்றன.

கோபால் குரு 2002-இல் சமூக அறிவியல் துறையைப் பற்றி வைத்த குற்றச்சாட்டு இங்கும் பொருந்தும். கோட்பாட்டை ஒரு சாரார் உருவாக்குவர், தரவைச் சேகரித்துத் தரும் வேலையை மற்றொரு சாரார் செய்வர் என்று அவர் காட்டிய பிரிவினை, மென்பொருள் நிறுவனத்தில் வடிவமைப்புக்கும் சோதனைக்கும் இடையிலும், தலைமையகத்துக்கும் இரவு நேர ஆதரவுப் பணிக்கும் இடையிலும் தென்படவில்லையா? நிறுவனங்கள் சாதிவாரிக் கணக்கை வெளியிடாதவரை இதற்கு எண்ணால் விடை சொல்ல முடியாது. கணக்கைக் கேட்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

திரைக்கு இந்தப்புறம்

2020 மார்ச்சில் அலுவலகங்கள் மூடின. உணவு மேசை ஒரே நாளில் மறைந்தது. எல்லாம் எழுத்துக்கும் காணொளிக்கும் மாறின. இதனால் அறிவுப் பகிர்வுக்கு என்ன நேர்ந்தது என்பதை மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் அமெரிக்கப் பணியாளர்கள் 61,182 பேரின் 2020 முதல் அரையாண்டுத் தொடர்புத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தது. குழுக்களுக்கு இடையிலான பாலங்கள் மெலிந்தன. ஒவ்வொரு குழுவும் தனக்குள் சுருங்கியது. நேருக்கு நேரான உரையாடல் குறைந்து, எழுதி அனுப்பிக் காத்திருக்கும் தொடர்பு கூடியது என்று 2021-இல் வெளியான கட்டுரை தெரிவித்தது. பணியாளர்களை மீண்டும் அலுவலகத்துக்கு அழைக்கும் நிறுவனங்கள் இவ்வகை ஆய்வுகளைக் காட்டுகின்றன. நேரில் இருந்தால்தான் புதியவர்கள் கற்பார்கள் என்கின்றன.

நாம் இதை மறுக்கவில்லை. சராசரிப் பணியாளருக்கு இது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த 61,182 பேரும் நடைபாதையில் ஒரேபோல் வரவேற்கப்பட்டவர்கள் என்று கொள்ளும்போதுதான் அந்தச் சராசரி பேசுகிறது. அலுவலகத்தில் எவரும் பேச்சுக் கொடுக்காத ஒருவருக்கு அலுவலகம் மூடியதால் இழப்பு என்ன? எழுதப்பட்ட குறிப்பு, தேடினால் கிடைக்கும் ஆவணம், எல்லோரும் பார்க்க நடைபெறும் நிரல் சீராய்வு ஆகியவை மேலாளரின் கனிவை எதிர்பார்த்து நிற்கத் தேவையில்லாதவை. பொதுவெளியில் ஒருவர் கேட்ட கேள்விக்கு வந்த பதில், கேட்கத் துணியாத நூறு பேருக்கும் பயன்படுகிறது. முதல் தலைமுறைப் பொறியாளர்களில் பலர் ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள். எழுதும்போது அவர்களுக்கு ஒருமுறை திருத்திப் பார்க்க அவகாசம் கிடைக்கிறது. உரையாடும் செயலிகள் பரவிய பின்னர், எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காத துணை ஒன்று கையிலிருக்கிறது என்று மாணவர்கள் மகிழ்வதில் நியாயம் உண்டு. (அந்தச் செயலிக்கு உங்கள் மேலாளரின் மனம் தெரியாது. எழுதப்படாத அறிவு அதனிடமும் இல்லை.)

இதற்காக இணையத்தைச் சமத்துவபுரமாகக் கொண்டாட நாம் ஆயத்தமாக இல்லை. முதலில், அங்கே நுழையக் கருவி வேண்டும். பெருந்தொற்றுக்கு முன் எடுக்கப்பட்ட 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் குடும்பங்களில் 10.7 விழுக்காட்டினரிடமே கணினி இருந்தது. ஊரகத்தில் அது 4.4 விழுக்காடு. ஒற்றை அறை வீட்டிலிருந்து காணொளிக் கூட்டத்தில் கலந்துகொள்பவருக்குப் பின்னணிச் சுவரே சாட்சி சொல்லிவிடும். அடுத்து, யுரேகா தொகுப்பில் கண்டோமே, குறிப்போடு பெயரும் பயணிக்கிறது. அங்கே பெருமையாக இருந்தது இங்கே அடையாள அட்டையாகிறது. ஒவ்வொரு பதிவின் அருகிலும் முழுப்பெயர் ஒளிரும் கருவிகளில், வட இந்தியக் குடும்பப் பெயர் தாங்கியவர் ஒளிய இடமில்லை. சாதிப் பின்னொட்டைத் துறந்த தமிழ்ப் பெயர்கள் ஓரளவு காப்பளிக்கின்றன. தந்தை பெயரின் முதலெழுத்தோடு நின்றுவிடும் நம் வழக்கத்தின் பயன் கலிபோர்னியா வரை நீள்வது சுயமரியாதை இயக்கம் எதிர்பாராத வெகுமதிதான். ஆனால் அது தேன்மொழிக்கு உதவவில்லை. 8,000 பேர் கொண்ட அந்தக் குழு, அறிவைப் பகிர்வதற்கென்றே அமைந்த இணையவழிகளில் ஒன்று. ஓர் உரை நடக்கும் முன்பே அதைப் பேசுபவரின் நற்பெயரைக் குலைக்கவும் அதே வகை வழிகள் பயன்பட்டன. அலுவலக நடைபாதையில் ஐந்து பேர் முணுமுணுப்பதை, அங்கே ஐயாயிரம் பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம்.

அறியாமையும் ஒரு கொள்கை

சாதியைப் பற்றிய அறிவையே பகிர மறுப்பது இத்துறையின் தனிச்சிறப்பு. சிஸ்கோ மனிதவளத் துறை சாதியை அறிந்திருக்கவில்லை என்று எடுத்துக்கொண்டாலும், அந்நிறுவனத்தில் இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் பணிபுரிந்தனர். அறிந்தவர்கள் சொல்லவில்லை, சொன்னவர் கேட்கப்படவில்லை. வழக்குக்குப் பின் ஆப்பிள் தன் பணியாளர் நடத்தை விதிகளில் சாதியை வெளிப்படையாகச் சேர்த்தது, ஐ.பி.எம். நிறுவனமும் அவ்வாறே செய்தது. கூகுள், மைக்ரோசாப்ட், அமேசான், டெல், ஃபேஸ்புக் ஆகியவற்றின் பொது விதிகளில் அச்சொல் அப்போது இல்லை என்று 2022 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் தெரிவித்தது. எங்கள் தற்போதைய விதிகளே போதும் என்பது பொதுவான பதில்.

2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரமன்றம், க்ஷமா சாவந்த் கொண்டுவந்த தீர்மானத்தை 6-1 என நிறைவேற்றி, சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடை செய்த முதல் அமெரிக்க நகரமானது. கலிபோர்னியாவில் ஆயிஷா வஹாப் முன்மொழிந்த சட்ட முன்வரைவு இரு அவைகளிலும் பெரும்பான்மையோடு நிறைவேறியது. ஆளுநர் கேவின் நியூசம் 2023 அக்டோபரில் அதை நிராகரித்தார். ஏற்கெனவே உள்ள சட்டங்களில் இது அடங்கிவிடுகிறது, எனவே தேவையற்றது என்பது அவர் காரணம். நிறுவனங்களின் பதிலையே ஆளுநரும் சொன்னார். பெயர் சொல்லப்படாத ஒன்றை மனிதவள அலுவலர் விசாரிப்பாரா என்ற வினாவுக்குச் சிஸ்கோ மனு முன்னரே விடை சொல்லியிருந்தது.

சட்டம் வரும்வரை செய்யக்கூடியவை என்னென்ன? பணியாளர் சங்கங்கள் கேட்கவேண்டியவை மிக எளிமையானவை: பதவி உயர்வுக்கான அளவுகோல்கள் எழுத்தில் இருக்கட்டும்; புதியவருக்கு வழிகாட்டி யார் என்பதை நட்பு முடிவு செய்யாமல் முறைவைத்து ஒதுக்கட்டும்; கூட்டங்களில் எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும் எல்லோரும் காணும் இடத்தில் பதிவாகட்டும்; பரிந்துரை வழி வந்தவர்கள் எத்தனை பேர், எந்தப் பின்னணியினர் என்ற கணக்கு வெளிவரட்டும். கூகுள் பணியாளர்களைக் கொண்ட ஆல்ஃபபெட் தொழிலாளர் சங்கம் சிஸ்கோ வழக்கில் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்றது நல்ல முன்மாதிரி. இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறைச் சங்கங்கள் சாதியைத் தம் கோரிக்கைப் பட்டியலில் எந்த இடத்தில் வைத்திருக்கின்றன என்று அவற்றின் உறுப்பினர்களே கேட்க வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வளாகத் தேர்வுக்குச் செல்லும் முதல் தலைமுறை மாணவர் ஒவ்வொருவரும் நேர்காணலில் என்ன கேட்கப்பட்டது, முதல் மாதத்தில் எது புரியாமல் தவித்தோம், யாரிடம் கேட்டால் சொன்னார்கள், பின்னணியை விசாரித்தபோது எப்படிச் சமாளித்தோம் என்பவற்றை எழுதி வைக்கலாம். உயர்த்தப்பட்ட சாதி வீடுகளில் மாமாவும் அத்திம்பேரும் தொலைபேசியில் சொல்லித்தருவது இதுதான். அம்பேத்கர் படிப்பு வட்டங்கள் உங்கள் கல்லூரியில் இருந்தால் அங்கே இதற்கென ஒரு மாலையை ஒதுக்குங்கள். வேலையில் சேர்ந்துவிட்ட அண்ணன்களையும் அக்காக்களையும் அழையுங்கள்; சேர்ந்து உண்ணுங்கள். வர இயலாதோருக்காக அன்று பேசியவற்றைத் தமிழில் எழுதிச் சுற்றுக்கு விடுங்கள். எழுதுபவர் விரும்பினால் பெயரோடு, அஞ்சினால் பெயரின்றி.